விளக்குக் காசும் தூக்கிய கைகளும்

என் மருமகன் நல்ல பிள்ளை. கணினி வேலை, இங்கே டென்மார்க்கில் ஒடென்சே நகருக்கு வெளியே சொந்த வீடு, ஒரு குறையும் சொல்ல முடியாது. போன கிழமை வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே கதையைத் தொடங்கினார்.

"மாமா, எங்கடை வீட்டுக்காரர் சங்கத்தில இந்த வருஷமும் கட்டணத்தைக் கூட்டப் போறாங்கள். புல்லு வெட்டுறதுக்காம், மரம் பாக்கிறதுக்காம், தெருவிளக்குக்காம். நாங்கள் எல்லாரும் சேர்ந்து எதிர்க்கப் போறம். நீங்கள் உந்த வேலை செய்த ஆள்தானே. ஒருக்காக் கூட்டத்துக்கு வந்து, உதுக்கு ரெண்டு பேர் தேவையில்லை, ஒராள் காணும் எண்டு சொல்லுவியளோ?"

நான் மாட்டேன் என்றேன். கொஞ்சம் உரத்துத்தான் சொல்லிவிட்டேன். மகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து டேனிஷில் "என்னப்பா நடந்தது?" என்று கேட்டாள். மருமகனின் முகம் சுருங்கிப் போனது. கிழவனுக்கு ஏதோ பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பார். ஏன் மாட்டேன் என்பதைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில், ஊரில், கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவன். அரிசி நிறுத்திருக்கிறேன், மண்ணெண்ணெய் அளந்திருக்கிறேன், புல் வெட்டியதில்லை. எண்பத்து நாலில் டென்மார்க் வந்து, சில மாதம் முகாம், பிறகு ஹோர்சன்ஸ் நகரில் பாஷைப் படிப்பு, அவ்வளவுதான் நான் எடுத்த பயிற்சி. நகரசபைக் கந்தோரில் ஒரு பெண், வெளிவேலைக்குப் போக விருப்பமா என்று கேட்டாள். ஓம் என்றேன். எதைக் கேட்டாலும் ஓம் சொல்லும் காலம் அது. மறுவருடம் வசந்தத்தில், ஊருக்கு வெளியே கடல் பார்த்த சரிவில் இருந்த ஒரு வீட்டுத் தொகுதிக்கு என்னைத் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள்.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் இப்படிப் புதிதாகக் கட்டிக் குடியேறுகிற இடங்களில் தெருவும் புல்வெளியும் பெரும்பாலும் நகரசபையின் பொறுப்பல்ல. வீட்டுக்காரர்களே ஒரு சங்கமாகச் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வருடா வருடம் ஒவ்வொரு வீடும் ஒரு கட்டணம் கட்டும். புல் வெட்டுவது, வேலி வெட்டுவது, பனி அள்ளுவது, தெருவிளக்கு எரிவது எல்லாம் அந்தக் காசில்தான். வேலையாட்கள் இரண்டு பேரின் சம்பளமும் அதில்தான். ஒருவர் பிரேபன். மற்றவன் நான்.

பிரேபனுக்கு அப்போது அறுபதுக்குக் கிட்ட இருக்கும். இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். சாமான் கொட்டிலுக்குப் பக்கத்தில் சங்கத்துக்குச் சொந்தமான சின்ன வீடு ஒன்று இருந்தது. அது வேலையோடு சேர்ந்த வீடு. வேலை இருக்கும் வரைக்கும் அவரும் மனைவி எல்சேயும் அதில் இருக்கலாம். எல்சே இரண்டு ஊன்றுகோல் பிடித்து நடக்கிறவர். அந்த வீட்டில் ஒரு படிகூட இல்லை என்பதுதான் அவருக்குப் பெரிய காரியம். வாசலால் நேராகப் புல்லில் இறங்கி, கதிரையைப் போட்டு வெயில் காய்வார்.

பிரேபன் அதிகம் கதைக்கமாட்டார். அவர் வாய் திறப்பது புகையிலைப் பைப் பிடிப்பதற்குத்தான் என்று நான் நினைத்ததுண்டு. வேலை சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், அடுத்த இடத்துக்கு நடந்துவிடுவார். பிழையாக இருந்தால் அந்த இடத்தில் நிற்பார். நின்றுகொண்டே இருப்பார். நானாகக் கண்டுபிடித்துத் திருத்தும் வரைக்கும் பைப் புகையும். சங்கக்கடையில் கூச்சல் போடுகிற பெரியவர்களைக் கண்டு பழகிய எனக்கு இந்த மௌனம் பெரிய தண்டனையாக இருந்தது.

வேலிதான் எங்களுடைய முக்கிய வேலை. பீச் என்கிற, இலை அடர்ந்த காட்டு மரத்தின் கன்றுகளை நெருக்கி நட்டு வளர்த்த உயிர்வேலி, தெருவுக்குத் தெரு ஓடியது. ஆனி மாதக் கடைசியில் வெட்டத் தொடங்குவோம். முதலில் இரண்டு முனையிலும் தடி நட்டு நூல் பிடிப்பார். நூல் இழுபட்டு நிற்கிறதா என்று விரலால் சுண்டிப் பார்ப்பார். வேலியின் அடி அகலமாகவும் தலை ஒடுக்கமாகவும் வர வேண்டும். இல்லாவிட்டால் அடியில் வெயில் படாமல் இலை விழுந்து வெறும் கம்பு தெரியும். வெட்டி முடிந்ததும் உள்ளங்கையை விரித்து வேலி நெடுகத் தடவிக்கொண்டு நடப்பார். யாழ்ப்பாணத்தில் வேலிக்காகக் கோடு ஏறி வழக்காடியவர்கள் நாங்கள். ஒரு முழ வேலிக்காகச் சகோதரன் முகத்தில் முழிக்காமல் செத்துப்போனவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. அந்த வேலியைத் தடவிப் பார்ப்பதற்கு இங்கே சம்பளம் தந்தார்கள்.

விளக்கு வேலை வேறு மாதிரி. கம்பத்தின் அடியில் சின்னக் கதவு ஒன்று இருக்கும். அதை முக்கோணச் சாவியால் திறந்து, மின்சாரத்தை நிறுத்தி, பிறகுதான் ஏணி வைக்க வேண்டும். ஏறுவது நான், ஏணி பிடிப்பது அவர். தனியே யாரும் ஏறக்கூடாது என்பது அவருடைய சட்டம். பனிக்காலத்தில் பின்னேரமே இருட்டிவிடும். பேருந்து நிற்கிற இடத்திலிருந்து வீடுகளுக்கு வரும் நடைபாதை மரங்களுக்குள்ளால் போகும். அங்கே ஒரு விளக்கு அணைந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயப்படும் என்று, வேறு எந்த வேலை கிடந்தாலும் அதை முதலில் பார்ப்பார்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். பின்னேரம் மூன்றரைக்கு வேலை முடியும். மூன்றரை என்றால் மூன்றரைதான். வேலியில் இன்னும் பத்தடி கிடந்தாலும் கத்திரிக்கோலைத் துடைத்து உறையில் போட்டுவிடுவார். "ஃபியூராஃப்டன்" என்பார். வேலை முடிந்தது, இனி இந்த நேரம் உன்னுடையது என்று அதற்குப் பொருள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பக்கம் வெட்டி ஒரு பக்கம் வெட்டாத வேலி, பாதிச் சவரத்தில் எழுந்துபோன மனிதனின் முகம் போல இருந்தது.

நானும் குணம் அண்ணையும் ஹோர்சன்ஸில் ஓர் அறையில் இருந்தோம். அவர் எனக்கு முன்னே வந்து இறைச்சித் தொழிற்சாலையில் வேலை எடுத்தவர். ஒருநாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது இந்த மூன்றரைக் கதையைச் சொன்னேன். அவர் அகப்பையோடு திரும்பினார்.

"தம்பி, அவன் இந்த நாட்டுக்காரன். அவன் மணிக்கூடு பாப்பான். நீ பாக்காதை. நாங்கள் வந்த ஆக்கள். நாலு பேர் எங்களை நல்லம் எண்டு சொல்லோணும். நாளைக்கு இன்னும் பத்துப் பெடியள் வந்து இறங்குவாங்கள். உன்னைப் பாத்துத்தான் அவங்களுக்கும் வேலை குடுப்பாங்கள்."

எனக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. அந்தக் காலத்தில் வந்த எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பிரேபன் வீட்டுக்குள் போனதும் நான் திரும்பி வந்து மிச்ச வேலியை வெட்டி முடித்தேன். முதல்நாள் ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் யொர்கன் என்கிற வீட்டுக்காரர் வெளியே வந்தார். பள்ளிக்கூட ஆசிரியர், சிரித்த முகம், சேட்டுக் கையை மடித்துவிட்டிருப்பார். என் பெயரைக் கேட்டார். சிவபாதம் என்றேன். அவர் வாயில் அது சீவா ஆனது. உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்தார். இந்த நாட்டுக்கு வந்து அதுவரைக்கும் ஒரு வீட்டுக்குள் என்னைக் கூப்பிட்டு இருத்தி ஒருவரும் கோப்பி தந்ததில்லை. குடிக்கும்போது கண் கலங்கியதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு யொர்கனின் தாய் வீட்டு வேலி. அது சங்கத்து வேலியே இல்லை, அந்த அம்மாவின் சொந்த வேலி. அதையும் வெட்டிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் உருளைக்கிழங்கு கிண்டிக் கொடுத்தேன். இன்னொரு வீட்டில் கூரைப் பீலி நிறைய இலை, ஏறி அள்ளினேன். காசு நீட்டினார்கள், வாங்கவில்லை. உதவிக்குக் காசு வாங்குகிற பழக்கம் எங்களுக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் விளக்கமும் சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். தெருவில் போனால் பிள்ளைகள்கூட "ஹாய் சீவா" என்றார்கள்.

ஒருநாள் காலை பிரேபன் வேலிக்கு முன்னால் நின்றார். வழக்கமாக நிற்பதைவிட அதிக நேரம் நின்றார். அவர் டேனிஷில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"இதை ஆர் வெட்டினது?"

"நான்தான்."

"எப்ப?"

"நேற்றுப் பின்னேரம், நீங்கள் போனாப் பிறகு."

"அதுக்கு ஆர் சம்பளம் தாறது?"

"எனக்குச் சம்பளம் வேண்டாம்."

பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "வேண்டாம் எண்டு சொல்ல உனக்கு உரிமை இல்லை, சீவா. அந்த நேரம் உனக்கு மட்டும் சொந்தமில்லை. எனக்கும்தான். எனக்குப் பிறகு வாறவனுக்கும்தான்."

அந்த மனிதர் என்னோடு கதைத்ததில் மிக நீண்ட பேச்சு அதுதான். நான் என்ன நினைத்தேன்? கிழவருக்குப் பொறாமை என்று நினைத்தேன். எல்லாரும் என்னைக் கூப்பிட்டுக் கோப்பி தருகிறார்கள், அவரைக் கூப்பிடவில்லை, அதனால் எரிகிறார் என்று நினைத்தேன். குணம் அண்ணையிடம் சொன்னேன். அவரும் அதேதான் சொன்னார். நான் வெட்டுவதை நிறுத்தவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கட்டணப் பிரச்சினை வந்தது. மின்சாரம் விலை ஏறியிருந்தது. விளக்குக் கம்பங்கள் பலவற்றின் அடி துருப்பிடித்து மாற்ற வேண்டியிருந்தது. சங்கத் தலைவி இங்கர், தபால் கந்தோரில் வேலை செய்கிற பெண், கட்டணத்தைக் கூட்டாமல் முடியாது என்று சொன்னார். வீட்டுக்காரர்கள் கொதித்தார்கள். அவர்களைச் சும்மா குற்றம் சொல்லக்கூடாது. பலர் இளம் குடும்பங்கள், வீட்டுக் கடன் வட்டி கழுத்தை நெரித்தது. புல்லுக்கும் விளக்குக்கும் இன்னும் கட்டு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்தக் கோபத்துக்கு யொர்கன் தலைமை தாங்கினார்.

அவருடைய யோசனை சுருக்கமானது. வேலையாள் ஒருவர் போதும். பிரேபனின் வீட்டை வாடகைக்கு விடலாம். கட்டணம் ஒரு சதமும் ஏறாது. பிரேபனின் வேலையும் எல்சேயின் படியில்லாத வீடும் அந்த ஒரு கூட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. இது அப்போது எனக்குத் தெரியாது. பிரேபன் சொல்லவில்லை. அவர் தன் சங்கடத்தை எனக்குச் சொல்கிற ஆள் இல்லை.

யொர்கன் என்னைத் தேடி வந்து கூட்டத்துக்கு அழைத்தார். "கட்டாயம் வரவேணும் சீவா. எல்லாருக்கும் முன்னால உனக்கு நன்றி சொல்லப் போறம்." நான் குணம் அண்ணையின் கோட்டைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். அண்ணை வாசல்வரை வந்து கழுத்துப்பட்டையைச் சரிசெய்துவிட்டார்.

இந்த நாட்டுப் பொதுக்கூட்டத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபம். நீள மேசைகளில் மெழுகுதிரி, கோப்பிக் குடுவை, கேக். முதலில் கூட்டத்தை நடத்த ஒருவரைத் தெரிவு செய்வார்கள். அவர் கூட்டம் முறைப்படி அழைக்கப்பட்டதா என்று கேட்பார், ஆம் என்பார்கள். கைதூக்கிப் பேச இடம் கேட்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடமாட்டார். வாக்கெடுப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு கை. சத்தம் இல்லை, ஏச்சு இல்லை. எங்கள் ஊரில் கோயில் கூட்டத்தில் கதிரை பறக்கும். ஆனால் எவன் எவனுக்கு எதிரி என்பது கதிரை பறக்கும்போதே தெரிந்துவிடும்.

தலைவி இங்கர் கட்டணம் ஏன் ஏற வேண்டும் என்று அரைமணி நேரம் விளக்கினார். பிறகு யொர்கன் எழுந்தார்.

"அங்க இருக்கிற மனுஷனைப் பாருங்கோ" என்றார். எல்லாரும் திரும்பினார்கள். "சீவா போன வருஷம்தான் எங்களிட்டை வந்தவர். மற்ற வேலையாள் வீட்டை போனாப் பிறகு இவர் தனிய நிண்டு வேலியை வெட்டி முடிக்கிறார். என்ரை அம்மாவின்ரை வேலியையும் வெட்டிக் குடுத்தார். ஒரு குரோனும் வாங்கேல்லை. நீங்கள் எல்லாரும் கண்ணால கண்டனீங்கள். இப்பிடி ஒரு மனுஷன் எங்களுக்குக் கிடைச்சிருக்கு. முதலில அவருக்குக் கை தட்டுவம்."

தட்டினார்கள். மண்டபமே தட்டியது. நான் எழுந்து நின்று, கைகூப்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். என் வாழ்க்கையில் எனக்காக அத்தனை பேர் கைதட்டியது அன்று ஒருநாள்தான்.

நான் கதிரையில் இருக்கும் முன்னமே யொர்கன் தொடர்ந்தார். "மற்ற வேலையெல்லாம் முடிச்சு எங்கடை சொந்த வேலியும் வெட்ட ஒராளுக்கு நேரம் மிஞ்சுது எண்டால், ரெண்டு பேருக்கு நாங்கள் ஏன் கட்டவேணும்?"

எனக்கு டேனிஷ் அவ்வளவு தெரியாது. ஆனால் அது விளங்கியது. சங்கக்கடையில் கணக்குப் பார்த்தவனுக்கு அது விளங்காமல் போகுமா? பிரேபன் ஏன் அந்த வேலிக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்றார் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கையைத் தூக்கினேன். வேலிக்கு நூல் பிடிப்பது பிரேபன், பாதி வேலியை அவர் நேராகக் கொண்டு வந்து விட்டபடியால்தான் மிச்சப் பாதியை நான் வெட்டினேன், விளக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும், அவருடைய மனைவிக்குப் படி ஏற முடியாது. இதையெல்லாம் எப்படி டேனிஷில் சொல்லப் போகிறேன் என்று தெரியாமலே தூக்கினேன். கூட்டத்தை நடத்தியவர் என்னைப் பார்த்து மிக அன்பாகச் சிரித்தார்.

"மன்னிக்கவேணும் சீவா. இங்க அங்கத்தவர்தான் கதைக்கலாம். வீடு உள்ளவைதான் அங்கத்தவர்."

கைதட்டு வாங்க எனக்கு வீடு தேவையிருக்கவில்லை. வாய் திறக்கத்தான் தேவைப்பட்டது. நான் தூக்கிய கையை இறக்கினேன். மற்றவர்கள் யொர்கனின் யோசனைக்கு ஆதரவாகத் தங்கள் கைகளைத் தூக்கினார்கள். எண்ணத் தேவையே இருக்கவில்லை. இங்கர் மட்டும் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து என் கையைக் குலுக்கினார்கள். யொர்கன் தோளில் தட்டி, உன் வேலைக்கு ஒரு பயமும் இல்லை என்றார். எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த கோபம் இன்றைக்கும் தீரவில்லை. அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் கோபத்தைக் கூட்டுகிறது.

அறைக்குப் போய்க் குணம் அண்ணையிடம் சொன்னேன். அவர் கோட்டை வாங்கிக் கொழுவிவிட்டு, கட்டிலில் போய் இருந்தார். "இப்பிடி வந்து முடியும் எண்டு எங்களுக்கு ஆரடா சொல்லித் தந்தவை?" என்று கேட்டார்.

நான் அங்கே பிறகும் மூன்று வருடம் தனியே வேலை செய்தேன். மூன்றரைக்குக் கத்திரிக்கோலை உறையில் போட்டேன். தனியே ஏணி ஏறமாட்டேன் என்று சொன்னேன். நடைபாதை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வெளியிலிருந்து மின்சாரக்காரரைக் கூப்பிட்டால் காசு என்று சங்கம் நாள் கடத்தியது. பிள்ளைகள் கைவிளக்கோடு பேருந்துக்குப் போனார்கள். சொந்த வேலிக்குக் கூப்பிட்டால், வேலை முடிந்துவிட்டது என்றேன். கோப்பி நின்றது. ஒருநாள் யொர்கனின் தாய் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "முந்தி எவ்வளவு நல்ல மனுஷன். இப்ப எங்கடை ஆக்களைப் போலவே வந்திட்டான்." பிறகு என்னையும் ஒரு கூட்டத்தில் முடிவெடுத்து வேலையால் நிறுத்திவிட்டு, வெளிக் கொம்பனி ஒன்றுக்கு வேலையைக் கொடுத்தார்கள். நான் வேறு இடங்களில் வேலை செய்து, தொழிற்சங்கத்தில் சேர்ந்து, அறுபத்தைந்து வயதில் ஓய்வெடுத்தேன். அதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான்.

நெஞ்சை விட்டுப் போகாதது பிரேபன் வீடு விட்ட நாள். நகரசபை அவர்களுக்குக் கொடுத்தது மூன்றாம் மாடியில் ஒரு வீடு. கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னோடு வேலைக்குத் தேவையானதைத் தவிர ஒரு சொல்லும் கதைக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அது ஒரு சனிக்கிழமை. பீச் இலைகள் புதிதாக விரிந்திருந்தன. வாசலில் ஒரு லொறி நின்றது. இரண்டு இளைஞர்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்சே புல்லில் கதிரை போட்டு, ஊன்றுகோல் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டு தலையசைத்தார். நான் நேரே உள்ளே போய், ஒருவன் தனியே இழுத்துக்கொண்டிருந்த அலுமாரியின் மறுமுனையைப் பிடித்தேன்.

பிரேபன் அறைக்குள்ளிருந்து வந்தார்.

"சீவா, கீழ வை."

"நான் சும்மாதான் நிக்கிறன், பிரேபன். தூக்கித் தாறன்."

"ரெண்டு பேரைக் கூலிக்குப் பிடிச்சிருக்கிறன்" என்றார். குரலில் கோபம் இல்லை. "நீ தூக்கினால் இவங்களில ஒருத்தன் வீட்டை போகவேண்டி வரும்."

நான் கையை எடுத்தேன். மற்ற இளைஞன் வந்து என் இடத்தில் நின்று அலுமாரியைப் பிடித்தான். போகும்போது எனக்கு நன்றி என்றும் சொன்னான்.